பியூஸ் வயரைக் காக்கும். ஆளைக் காப்பது எது?

கேமரன் மலைக்கு இரவு நேரத்தில் போய் வந்தவர்களுக்கு அந்தக் காட்சி தெரியும். ரிங்லெட், பெர்த்தாம் வேலி, கம்போங் ராஜா என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் மலைச்சரிவு முழுக்க விளக்குகள். தீபாவளி முன்கூட்டியே வந்துவிட்டதோ என்று தோன்றும். ஊர் பார்க்க வந்தவர்கள் காடியை ஓரமாக நிறுத்திப் படம் பிடித்துக்கொள்வார்கள்.

அது தீபாவளி அல்ல, வேலை. பிளாஸ்டிக் கூரை போட்ட பூக்கொட்டகைகளில் செவ்வந்திப் பூவுக்காக எரியும் விளக்குகள் அவை. அந்த விளக்குகளை மாட்டுகிறவர்கள், வயரை இழுக்கிறவர்கள், மழை ராத்திரியில் அணைந்துபோனால் ஓடிப்போய்ப் பார்க்கிறவர்கள் யார்? தேயிலைத் தோட்டத்து லயங்களில் பிறந்து, கொழுந்துக் கூலி போதாமல் பூ வேலைக்கு இறங்கிய நம் பிள்ளைகள் அவர்களில் உண்டு. பங்களாதேஷ், நேப்பாளம், மியன்மார், இந்தோனேசியா என்று கடல் கடந்து வந்த பிள்ளைகளும் உண்டு. எல்லாரும் ஒரே ஈரத் தரையில் நிற்கிறவர்கள்தான்.

போன மழைக்காலத்தில் அப்படி ஒரு தம்பியை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். வலது கையில் மூன்று விரல் வெந்து, துணி சுற்றியிருந்தது. "என்னப்பா நடந்தது?" என்றேன். "அண்ணே, ஒரு வரிசை வெளக்கு எரியல. மழ கொட்டிக்கிட்டு இருந்திச்சி. பல்ப திருகி பார்த்தேன். அவ்வளவுதான் தெரியும். அப்புறம் சேத்துல கெடந்தேன்" என்றான். பக்கத்தில் நின்ற நேப்பாளத்துப் பையன் மெயின் சுவிட்சை அடித்து அணைத்ததால் பிழைத்தான். ஆனால் ஆஸ்பத்திரிச் சீட்டில் "வழுக்கி விழுந்தார்" என்று எழுதியிருந்தது. கூட்டிவந்த மேற்பார்வையாளர் அப்படிச் சொல்லச் சொன்னாராம். மறுநாள் இரவு அதே வரிசையில் அதே வயரில் விளக்கு எரிந்தது. வேறொரு பையன் அதே பல்பைத் திருகி மாட்டினான்.

இன்று இதை எழுத வைத்தது விபத்துகூட இல்லை. அந்த மறுநாள் இரவுதான்.

பூவுக்கு ஏன் விளக்கு?

குளிர் நாடுகளில் கண்ணாடி வீடு கட்டி, உள்ளே மின்சார அடுப்பு வைத்துச் சூடேற்றிச் செடி வளர்ப்பார்கள். நமக்கு அந்தத் தேவை இல்லை. கேமரன் மலையின் குளிர் செவ்வந்திக்குத் தோதான குளிர். இங்கே செடிக்கு வேண்டியது வெளிச்சம்.

செவ்வந்தி நீண்ட இரவு கண்டால் மொட்டு வைக்கிற செடி. செடிகள் இப்படிப் பகல் இரவு நீளத்தைக் கணக்குப் பார்த்துப் பூக்கின்றன என்பதை கார்னர், அல்லார்ட் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1920-இல் எழுதி வைத்தார்கள். நம் நாட்டில் ஆண்டு முழுவதும் பகலும் இரவும் ஏறக்குறையப் பன்னிரண்டு மணி நேரம். அதனால் நட்டவுடனே, தண்டு நீளுவதற்குள் செடி மொட்டு வைத்துவிடும். குட்டைத் தண்டுப் பூவைச் சந்தையில் யார் வாங்குவார்? ஆகவே முதல் சில வாரங்களுக்கு நடு இரவில் சில மணி நேரம் விளக்கைப் போட்டு, இரவைக் குட்டையாக்கிச் செடியை ஏமாற்றுகிறார்கள். தண்டு வளர்ந்த பிறகு விளக்கை நிறுத்துகிறார்கள். பூ வருகிறது.

விளக்கு ஒரு ராத்திரி எரியாவிட்டாலும் முதலாளிக்கு மனம் பதறுகிறது. பதறட்டும், அது அவர் முதல் போட்ட தொழில். ஆனால் அந்தப் பதற்றத்தில், மழையில் ஈரக் கையோடு பல்பைத் திருக ஓர் ஆளை அனுப்புகிறாரே, அங்கேதான் நம் வழக்கு தொடங்குகிறது.

தண்ணீர், இரும்பு, கரண்டு

ஒரு பூக்கொட்டகைக்குள் என்ன இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். காலுக்குக் கீழே எப்போதும் ஈர மண். தலைக்கு மேலே தண்ணீர்க் குழாய். இரண்டு பக்கமும் இரும்புத் தூண். காற்றில் ஈரம். உரத்தண்ணீரும் மருந்துத் தண்ணீரும் பட்டுப் பல்ப் மாட்டும் பிடியின் செம்பு பச்சை பிடித்துப்போகும். எலி வயரைக் கடிக்கும். வெயிலில் வயர் உறை காய்ந்து வெடிக்கும். தோல் உரிந்த ஒரு வயர் இரும்புத் தூணில் சாய்ந்தால் போதும். அந்தத் தூணும் அதோடு சேர்ந்த இரும்பு முழுக்கவும் கரண்டு ஏறி நிற்கும். பார்த்தால் தெரியாது. தொட்டால்தான் தெரியும்.

கணக்கை நாமே போட்டுப் பார்க்கலாம். நம் நாட்டில் வீட்டுக்கு வரும் கரண்டு 230 வோல்ட். நூறு வாட் பழைய பல்ப் ஒன்று எரிய ஏறக்குறைய 430 மில்லி ஆம்பியர் ஓடுகிறது. மனிதனுக்கு? சுமார் 10 மில்லி ஆம்பியர் கையில் ஓடினாலே தசை இறுகி, பிடித்ததை விட முடியாமல் போகும். 30 மில்லி ஆம்பியருக்கு மேல் உடம்புக்குள் ஓடினால் மூச்சுக்கும் இதயத்துக்கும் ஆபத்து. நனைந்த உடம்பின் தடை ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கிவிட்டால், 230 வோல்ட் அதில் 230 மில்லி ஆம்பியரை ஓட்டும். அதாவது, ஒரு பல்பை எரிக்கிற கரண்டில் பாதி போதும், ஒரு குடும்பத்தின் விளக்கை அணைக்க.

இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். "பியூஸ் இருக்குல்ல, ஏதாவதுன்னா பியூஸ் போயிடும்" என்பார்கள். போகாது, தம்பி. 5 ஆம்பியர் பியூஸ் 5 ஆம்பியர் வரை பேசாமல் இருக்கும். ஓர் ஆளைக் கொல்லத் தேவையானது கால் ஆம்பியர்கூட இல்லை. ஆள் கருகிக் கிடந்தாலும் பியூஸ் அசையாது. ஏனென்றால் பியூஸ் கண்டுபிடிக்கப்பட்டதே வயர் சூடேறித் தீப்பிடிக்காமல் இருக்கத்தான். மேலே தட்டிவிழும் சின்ன சுவிட்சும் அப்படியே. அவை வயரைக் காக்கும். ஆளைக் காப்பது வேறு ஒன்று.

கொழுந்து நிறுக்கும் கணக்கு

அந்த வேறு ஒன்றுக்குப் பெயர் கசிவுத் தடுப்புக் கருவி. வயர்மேன்கள் இ.எல்.சி.பி. என்றும் ஆர்.சி.சி.பி. என்றும் சொல்வார்கள். மெயின் பெட்டியில் "டெஸ்ட்" என்று எழுதிய ஒரு பொத்தானோடு இருக்கும்.

அது செய்கிற வேலை தேயிலைத் தோட்டத்து ஆளுக்குச் சுலபமாகப் புரியும். மலையில் கொழுந்தை நிறுக்கிறார்கள். அதே கொழுந்தை ஆலையில் மறுபடி நிறுக்கிறார்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் கிராணி என்ன கேட்பார்? "நடுவுல எங்கே போச்சு?" இந்தக் கருவியும் அதையேதான் கேட்கிறது. வெளியே போன கரண்டு முழுவதும் திரும்பி வந்ததா என்று ஒவ்வொரு நொடியும் நிறுத்துப் பார்க்கிறது. கொஞ்சம் குறைந்தால், அந்தக் குறைவு ஓர் ஆளின் உடம்பு வழியாக மண்ணுக்குப் போயிருக்கக்கூடும் என்று கண் இமைப்பதற்குள் கரண்டை அறுத்துவிடுகிறது.

இது யாரோ கருணையால் வைத்துத் தரவேண்டிய பொருள் அல்ல. 1994-ஆம் ஆண்டு மின்சார விதிமுறைகளே சொல்கின்றன: தரை ஈரமாக இருக்கக்கூடிய இடத்தில் மின்கருவி பயன்படுத்தினால், 10 மில்லி ஆம்பியருக்கு மிகாத கசிவிலேயே அறுத்துவிடும் கருவி இருக்க வேண்டும். பூக்கொட்டகைத் தரையைவிட ஈரமான தரை எது? குளியலறைக்கு உள்ள சட்டம் செடிக் கொட்டகைக்கு இல்லையா?

ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். இந்தக் கருவி தெய்வம் அல்ல. ஒரே நேரத்தில் கரண்டு போகும் வயரையும் திரும்பும் வயரையும் இரண்டு கையால் பிடித்தால், அதற்கு அது பல்ப் எரிகிற மாதிரிதான் தெரியும், அறுக்காது. பழுதாகிப் போன கருவியும் அறுக்காது. அதனால்தான் மாதத்துக்கு ஒரு முறையாவது அந்த டெஸ்ட் பொத்தானை அமுக்கிப் பார்க்க வேண்டும். அமுக்கியவுடன் கரண்டு நின்றால் நல்லது. நிற்காவிட்டால் அன்றைக்கே வயர்மேனைக் கூப்பிட வேண்டும்.

வேலைக்குப் போகிறவர்கள் மனத்தில் வைக்க வேண்டியவை

அணைக்காமல் தொடாதே. பல்ப் மாற்றுவது, வரிசை நகர்த்துவது, தண்டு உயர உயர விளக்கை மேலே தூக்குவது, எதுவானாலும் முதலில் மெயின் சுவிட்ச் கீழே வர வேண்டும். அணைத்த ஆளே திரும்பப் போட வேண்டும். சுவிட்ச் பெட்டியில் "ஆள் வேலை செய்கிறான்" என்று ஓர் அட்டையைத் தொங்கவிடுங்கள். மலாயிலும் எழுதுங்கள், நேப்பாளத் தம்பிக்கும் வங்காளத் தம்பிக்கும் வாயால் விளக்கிச் சொல்லுங்கள். புரியாத எச்சரிக்கை எச்சரிக்கை ஆகாது.

தண்ணீர் பாய்ச்சுகிற நேரமும் விளக்கு எரிகிற நேரமும் ஒன்றாக வரவே கூடாது.

நீட்டிப்பு வயரை நம்பிக் கொட்டகை நடத்தக் கூடாது. 13 ஆம்பியர் பிளக் ஒன்று தாங்குவது ஏறக்குறைய 3,000 வாட். நூறு வாட் பல்ப் முப்பது போட்டால் அந்தக் கணக்கு முடிந்தது. முப்பத்தொன்றாவது பல்பை மாட்டுகிறவன் நெருப்புக்கு அழைப்பு வைக்கிறான். சுருட்டி வைத்த வயரில் கரண்டு ஓட விட்டால் சூடு வெளியேற வழியில்லாமல் உறை உருகும். பழைய இழை பல்ப் தின்னும் கரண்டில் பெரும்பங்கு வெளிச்சமாகாமல் சூடாகத்தான் போகிறது. பிளாஸ்டிக் கூரைக்கும் காய்ந்த தழைக்கும் பக்கத்தில் அது தொங்கக் கூடாது. எல்.இ.டி. விளக்கு குறைந்த கரண்டில் எரியும், சூடும் குறைவு. ஆனால் எல்.இ.டி. மாட்டினாலும் அதே 230 வோல்ட் வயர்தான் என்பதை மறக்கக் கூடாது.

வயரை டேப் சுற்றி ஒட்டுப்போட்டு ஈரத்தில் விடாதீர்கள். தண்ணீர் புகாத பிடி, தண்ணீர் புகாத இணைப்புப் பெட்டி, மண்ணுக்குள் இறக்கிய எர்த் கம்பி, இரும்புத் தூண்களும் அந்த எர்த்தோடு சேர்ந்த கட்டு, இவை இருக்க வேண்டும். இதையெல்லாம் செய்ய வேண்டியவர் மின்சார ஆணையத்தின் தகுதிச் சான்றிதழ் உள்ள வயர்மேன். "நம்ம பையனுக்குக் கொஞ்சம் தெரியும்" என்பது தகுதி ஆகாது. அந்தக் கொஞ்சம்தான் ஆளைக் கொல்லும்.

இன்னொன்று, கொட்டகைக்குப் பக்கத்தில் பலகை அறையில் தங்குகிறவர்களுக்கு. மலைக் குளிர் பொல்லாதது, தெரியும். அதற்காகப் பல்பைப் போர்வைக்குள் இழுத்து வைத்துத் தூங்குவதும், கொட்டகை வயரிலிருந்து திருட்டு இணைப்பு எடுத்துச் சூடேற்றி வைப்பதும் வேண்டாம். கதவை அடைத்து உள்ளே ஜெனரேட்டர் ஓட்டுவதும் கரி மூட்டுவதும் அதைவிட மோசம். அந்தப் புகையில் உள்ள விஷ வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. தூங்கியவர் தூங்கியபடியே போய்விடுவார். ஆளுக்கு இன்னொரு கம்பளி கேளுங்கள். அதைக் கொடுப்பது முதலாளிக்குப் பெரிய செலவல்ல.

அடிபட்டவனைக் கண்டால் ஓடிப்போய்த் தொட்டுவிடாதீர்கள். பாசம் உங்களையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும். முதலில் மெயினை அணையுங்கள். முடியாவிட்டால் காய்ந்த மரக்கட்டையால் வயரைத் தள்ளுங்கள். 999-க்கு அழையுங்கள். மூச்சு இல்லாவிட்டால் நெஞ்சின் நடுவில் இரண்டு உள்ளங்கையையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டர் அளவுக்கு அழுத்துங்கள். ஆம்புலன்ஸ் வரும் வரை விடாதீர்கள். எழுந்து உட்கார்ந்து "ஒண்ணுமில்லை" என்றாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். கரண்டு உள்ளே செய்த சேதம் வெளியே தெரியாது.

நம் வீட்டுக் கொல்லையிலும்தான்

மலையில் நடப்பதுதானே, ரப்பர், செம்பனைத் தோட்டத்தில் இருக்கும் நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். நான் தோட்டத்துப் பள்ளியில் படித்த காலத்தில், எங்கள் லயத்துக்கு முழு நேரக் கரண்டு வந்த புதிது. அம்மா கோழிக்குஞ்சுப் பெட்டிக்கு ஒரு பல்ப் கட்டியிருந்தார், குஞ்சுக்குச் சூடு வேண்டும் என்று. அப்பா வயரை ஒட்டுப்போட்டுத் துணிப் பிளாஸ்டர் சுற்றியிருந்தார். ஒரு மழை நாள், நனைந்த சாக்கை எடுக்கப் போன என்னைக் கரண்டு பிடித்துக்கொண்டது. அப்பா விளக்குமாற்றுக் கட்டையால் வயரை அடித்துப் பிரித்தார். அடித்த அடி என் மேலும் விழுந்தது. அந்தத் தழும்புக்கு நான் இன்றும் கும்பிடு போடுகிறேன்.

அப்பா படிக்காதவர், யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. இன்றைக்கு நமக்கு அந்தச் சாக்கு கிடையாது. கொல்லையில் காய்கறிப் பாத்திக்கு விளக்கு இழுத்தவர்கள், பம்புக்கு வயர் போட்டவர்கள், குஞ்சுக்குப் பல்ப் கட்டியவர்கள் இன்று மாலையே போய்ப் பாருங்கள். மெயின் பெட்டியில் டெஸ்ட் பொத்தான் இருக்கிறதா? அமுக்கினால் வேலை செய்கிறதா?

சட்டம் நம் பக்கம் இருக்கிறது, நாம் எங்கே?

1994-ஆம் ஆண்டு தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2022-இல் திருத்தப்பட்டு, 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளது. தொழிலாளியின் பாதுகாப்பைக் கவனிக்கத் தவறும் முதலாளிக்கு 50,000 வெள்ளியாக இருந்த உச்ச அபராதம் 5 லட்சம் வெள்ளியாக உயர்த்தப்பட்டது. ஐந்து பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்பைக் கவனிக்க ஒருவரை நியமிக்க வேண்டும். நாற்பது பேர் இருந்தால் பாதுகாப்புக் குழு வேண்டும். அதில் தொழிலாளர் பிரதிநிதியும் உட்கார வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று உண்டு. உயிருக்கு உடனடி ஆபத்து இருக்கிறது என்று நியாயமாக நம்பினால், முதலாளியிடம் சொல்லியும் அவர் ஒன்றும் செய்யாவிட்டால், அந்த இடத்தை விட்டு விலகத் தொழிலாளிக்கு இப்போது சட்டப்படி உரிமை உண்டு. அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது. "மழை விடட்டும், மெயினை அணைச்சிட்டுப் போறேன்" என்று சொல்கிற ஆள் சோம்பேறி அல்ல. சட்டம் தெரிந்த ஆள்.

பெர்க்கேசோ பற்றியும் ஒரு வார்த்தை. வேலையில் விபத்து என்றால் முதலாளி 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். மருத்துவ விடுப்பு நான்கு நாளுக்குக் குறையாமல் இருந்தால், தினச் சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும். 2019 ஜனவரி முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் வேலை விபத்துப் பாதுகாப்பு உண்டு. ஆனால் சீட்டில் "வழுக்கி விழுந்தார்" என்று எழுதிவிட்டால்? காயம் கரண்டால் வந்தது என்பதே காகிதத்தில் இல்லாமல் போகும். நாளைக்கு அந்த விரல் மடங்காமல் போனால் யாரிடம் போய்க் கேட்பது? கேட்டாலும் எதைக் காட்டிக் கேட்பது? ஆகவே டாக்டரிடம் உண்மையைச் சொல்லுங்கள். மேற்பார்வையாளர் பக்கத்தில் நின்றாலும் சொல்லுங்கள். வயரைப் படம் எடுத்து வையுங்கள். பார்த்தவர் பெயரைக் குறித்து வையுங்கள்.

அந்தத் தம்பி மூன்றாம் நாள் டாக்டரிடம் உண்மையைச் சொன்னான். நான் கூட நின்றேன். சீட்டு மாற்றி எழுதப்பட்டது. பெர்க்கேசோவுக்கும் மனு போயிருக்கிறது. சொல்லும்போது அவன் குரல் நடுங்கியது. வேலை போய்விடுமோ என்ற பயம். அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். மாதக் கடைசியில் அரிசிக் கடைக்காரனுக்குப் பதில் சொல்ல வேண்டியவன் அவன்தான். ஆனால் ஒருவன் தனியாகச் சொன்னால் நடுங்குகிற குரல், பத்துப் பேர் சேர்ந்து சொன்னால் நடுங்காது. சங்கம் என்று நாம் சொல்வதற்கு அர்த்தமே அதுதான்.

பூ முதலாளிகளுக்கும் ஒரு வேண்டுகோள். பூ வாடக் கூடாது என்று ராத்திரி முழுக்கக் கவலைப்படுகிறீர்கள். அந்தக் கவலையில் கால்பங்கை வயர் பக்கம் திருப்புங்கள். கசிவுத் தடுப்புக் கருவிக்கும் நல்ல வயருக்கும் ஆகும் செலவு ஓர் அறுவடைப் பூவின் முன்னால் பெரிதல்ல.

தொழிலாளத் தோழர்களே, ஆண்டுக் கடைசி மழை வருவதற்குள் மூன்று கேள்வியை ஒவ்வொரு கொட்டகையிலும் கேளுங்கள். ஆளைக் காக்கும் கருவி இருக்கிறதா? அது வேலை செய்கிறதா என்று கடைசியாக யார், எப்போது அமுக்கிப் பார்த்தார்? இந்த வயரைப் போட்ட வயர்மேனின் சான்றிதழ் எங்கே? பதில் வராத இடத்தில் ஈரக் கையை நீட்டாதீர்கள். செவ்வந்தி ஒரு ராத்திரி இருட்டில் நின்றால் நஷ்டம் காசோடு போகும்.